பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பித்தளை ரேடியேட்டரில் கசிவை அடைப்பது எப்படி

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி, 1968 முதல் 1976 வரை வந்த டிரயம்ஃப் டிஆர்6 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் ரேடியேட்டரில் தொட்டிகளும் நீர்க்குழல்களும் பித்தளையாலும், குழல்களுக்கு இடையே மடிந்து கிடக்கும் மெல்லிய தகடுகள் செம்பாலும் ஆனவை. இவை அனைத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு (சால்டர்) ஒன்றே. ஆகவே கசியத் தொடங்கிய பழைய ரேடியேட்டரைக் குப்பைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை; எதனால் மூட்டப்பட்டதோ அதனாலேயே அதைத் திரும்பவும் மூட்டலாம். பின்னாளில் வந்த அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டர்களுக்கு இங்கே சொல்லப்படும் முறை பொருந்தாது. மேல் தொட்டியின் விளிம்பு மூட்டில் வரும் கசிவு, ஹோஸ் மாட்டும் குழாய்க் கழுத்தில் வரும் விரிசல் ஆகிய இரண்டையுமே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் வீட்டுப் பட்டறையில் நம்பிக்கையோடு செய்யக்கூடியவை அவை இரண்டும்தான்.

முதலில் கசிவது ரேடியேட்டர்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் முழுவதுமாக ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால், அழுத்தத்தால் கொதிக்காமல் நின்ற நீர் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். காய்ந்த கசிவு வெண்மையான உப்புத் தடமாகவோ பித்தளையின் மேல் பச்சைக் களிம்பாகவோ தெரியும். ஆனால் தடம் தெரியும் இடம் கசியும் இடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஏனெனில் நீர் கீழ்நோக்கி ஓடுவதோடு, விசிறியின் காற்றில் பக்கவாட்டிலும் பரவுகிறது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை, ஹோஸ்களின் முனைகள், மூடியின் ரப்பர் வளையம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது மேல் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் எழுந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கோளாறு இருக்கும்வரை ரேடியேட்டரில் எத்தனை முறை பற்றவைத்தாலும் மூட்டு நிலைக்காது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை வடிக்கும்போது அகலமான பாத்திரத்தில் பிடித்து, மூடியுள்ள கலனில் ஊற்றி வைக்க வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கடும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும். அடுத்து ஹோஸ்களைக் கழற்றும் கட்டத்தில்தான் பலரும் புதிய சேதத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பிடித்துக் கிடக்கும் ரப்பரை ஸ்குரூடிரைவரால் நெம்பியோ முறுக்கியோ இழுத்தால், ரப்பர் வருவதற்கு முன்பே மெல்லிய பித்தளைக் கழுத்து விரிந்துவிடும். சிறு கசிவுக்காகக் கழற்றப்போய்க் கழுத்தையே கிழித்த அனுபவம் எனக்கும் உண்டு. ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுப்பதே சரியானது, கழுத்தோடு ஒப்பிட்டால் ஹோஸ் மலிவான பொருள்.

வெளியே எடுத்த ரேடியேட்டரின் கழுத்துகளை ரப்பர் அடைப்பான்களால் மூடி, ஒன்றில் மட்டும் சைக்கிள் பம்பையும் அழுத்தமானியையும் பொருத்தி, நீர்த்தொட்டியில் மூழ்கவைத்துச் சோதிக்க வேண்டும். காற்றழுத்தம் மூடியில் குறிப்பிட்டிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் அது 7 அல்லது 10 பிஎஸ்ஐ மட்டுமே, அதாவது அரை பாரிலிருந்து சுமார் 0.7 பார் வரை. கம்ப்ரசரை நேரடியாக இணைத்தால், நாம் அழுத்தமானியைப் பார்ப்பதற்குள் தொட்டியின் தட்டையான பக்கங்கள் உப்பிவிடும். குமிழி வரும் ஒவ்வோர் இடத்தையும், ஒன்று கிடைத்தவுடன் நிறுத்திவிடாமல், ஈரத்தில் அழியாத மெழுகுக் குச்சியால் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுத்தம் செய்வதற்குத்தான் இந்த வேலையில் மிகுதியான நேரம் செல்லும், செல்லவும் வேண்டும். பற்றாசு என்பது இடைவெளியை நிரப்பும் சாந்து அன்று. அது உலோகத்தோடு உலோகமாகக் கலந்து ஒட்டுகிறது, இடையில் களிம்போ பெயின்டோ எண்ணெயோ மெல்லிய படலமாக இருந்தாலும் அந்தக் கலப்பு நடப்பதில்லை. கசியும் இடத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பெயின்டை நீக்கி, கம்பி பிரஷ்ஷால் பித்தளை பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். விளிம்பு மூட்டின் உள்ளே பழைய பற்றாசு வெளிறிப் பொடியாகியிருந்தால், அதன்மேல் புதியதை ஓடவிடுவதில் பயனில்லை, சுரண்டி எடுத்துவிட வேண்டும். அந்தப் பொடியில் காரீயம் இருப்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துக் காற்றில் பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்; கையுறை அணிவதும், வேலை முடிந்து கைகழுவும்வரை எதையும் உண்ணாமல் இருப்பதும் கட்டாயம்.

விரிசல் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத துளையிட்டால் அது மேற்கொண்டு ஓடாது. அதன்மேல், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாகப் படியும்படி, அரை மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டை வெட்டி, கழுத்தின் வளைவுக்கேற்ப வளைத்துப் பொருத்த வேண்டும். விரிசலை வெறும் பற்றாசால் நிரப்பினால் அன்றைய சோதனையில் தேறிவிடும், எஞ்சினின் அதிர்வில் மீண்டும் பிளக்கும், ஏனெனில் இழுவிசையைத் தாங்கும் வலு பற்றாசுக்குக் குறைவு. பரந்த இரண்டு பரப்புகளுக்கு நடுவே மெல்லிய ஏடாக இருக்கும்போதுதான் அது உறுதியாகப் பிடிக்கிறது. தடிமனாகக் குவிந்த பற்றாசு பார்வைக்கு மட்டுமே பலமானது.

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கொண்ட பற்றாசு 183 செல்சியஸில் இளகத் தொடங்கி 190க்குள் முழுவதும் உருகிவிடும். ரேடியேட்டர் மூட்டுகளில் பயன்பட்ட, காரீயம் மிகுந்த பற்றாசுகள் முழுவதும் உருகுவதற்கு இதைவிட அதிக வெப்பம் வேண்டும். இந்த வேறுபாடே நமக்குப் பாதுகாப்பு என்றாலும் அது குறுகியது. பழைய மூட்டும் ஏறக்குறைய அதே 183 செல்சியஸில் இளகத் தொடங்கும் என்பதால், சுடரைக் கண்டபடி காட்டினால் ஒரு கசிவை அடைக்கும்போதே பக்கத்தில் நான்கு திறந்துகொள்ளும். காரீயம் இல்லாத பற்றாசுகள் பொதுவாக 217 செல்சியஸுக்கு மேல்தான் உருகுகின்றன, ஆகவே இந்த வேலைக்கு அவற்றை நான் தேர்ந்தெடுப்பதில்லை. பற்றாசு ஒட்டுவதற்காக உலோகப் பரப்பில் தடவும் ஃபிளக்ஸிலும் வகை உண்டு; எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் ஃபிளக்ஸ் பழைய பித்தளைக்குப் போதாது. துத்தநாகக் குளோரைடு கலந்த அமில ஃபிளக்ஸே வேண்டும்.

சூடுபடுத்துவதற்கு முன் அடைப்பான்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய நீரை முழுவதும் வடித்து உலரவிட வேண்டும். மூடிய தொட்டிக்குள் சிக்கிய நீர் ஆவியானால் அது வெடிக்கலாம். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்துகொண்டு, பக்கத்து மூட்டுகளின் மேல் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, ஃபிளக்ஸ் தடவிய இடத்தை கேஸ் டார்ச்சின் சிறு சுடரால் அல்லது கனமான சால்டரிங் இரும்பால் சூடாக்க வேண்டும். சுடரைப் பற்றாசுக் கம்பியின்மேல் காட்டக் கூடாது, பித்தளையின்மேல் காட்ட வேண்டும். பித்தளையைத் தொட்டவுடன் கம்பி தானாக உருகி ஓடினால்தான் சூடு சரி. முதலில் தொட்டியின் பரப்பிலும் தகட்டின் அடிப்பக்கத்திலும் தனித்தனியே மெல்லிய பூச்சாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துச் சூடாக்கினால், உருகிய ஈயம் தகட்டின் விளிம்பு முழுவதும் வெள்ளிக்கோடாக எட்டிப்பார்க்கும். விளிம்பு மூட்டில் பற்றாசு சூடு இருக்கும் பக்கம் நோக்கி ஓடும் என்பதைப் பயன்படுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதை இழுத்துச் செல்லலாம். சுடரை எடுத்த பின், பளபளப்பு மங்கி இறுகும்வரை எதையும் அசைக்கக் கூடாது; அதற்குள் அசைந்த மூட்டு மணல்போலச் சொரசொரப்பாகத் தெரியும், அதை மறுபடியும் சூடாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நடுவிலுள்ள நீர்க்குழல் ஒன்று கசிந்தால், அதன் இரு முனைகளையும் நசுக்கிப் பற்றவைத்து அந்தக் குழலை ஒதுக்கிவிடலாம். ஒன்றிரண்டு குழல்கள்வரை இதனால் பெரிய இழப்பு வராது, அதற்கு மேல் என்றால் குழல்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியையே (கோர்) மாற்றுவதுதான் முறை. எப்பாக்ஸிப் பசை, நீரில் கலக்கும் கசிவடைப்புப் பொடி ஆகிய இரண்டும் வழியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க உதவலாம். ஆனால் பொடி கசிவை மட்டுமன்றிக் குறுகிய குழல்களையும் அடைக்கிறது, பசை படிந்த இடத்திலோ பின்னர் பற்றாசு ஒட்டாது.

அமில ஃபிளக்ஸ் எஞ்சியிருந்தால் சில மாதங்களில் அந்த இடத்திலேயே பச்சைக் களிம்பு பூக்கும். ஆகவே வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து உள்ளும் புறமும் கழுவி, பிறகு வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக, சுத்தமான நீரைச் செலுத்தி அலச வேண்டும். அதே நீர்த்தொட்டியில், அதே அழுத்தத்தில், பதினைந்து நிமிடமாவது வைத்து மறுபடியும் சோதிக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதானால் கருப்பை மெல்லியதாக அடித்தால் போதும், தடித்த பூச்சு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். பவுடர் கோட்டிங் செய்ய ஆசைப்படுபவர்கள், அது சுமார் 180 முதல் 200 செல்சியஸ் வெப்ப அடுப்பில் சுடப்படுவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கிருந்து ரேடியேட்டர் முழுதாகத் திரும்பாது.

திரும்ப மாட்டும்போது விரிசல் ஏன் வந்தது என்று தேட வேண்டும். கெட்டிப்பட்ட ரப்பர் தாங்கிகளும், துளைகள் ஒத்துவராத நிலையில் வலிந்து முறுக்கப்பட்ட போல்ட்டுகளும் ரேடியேட்டரைத் திருகியே வைத்திருக்கும். எல்லா போல்ட்டுகளையும் தளர்வாகப் போட்டு, அது இயல்பாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். கூலண்டில் பழைய சிலிக்கேட் வகை எத்திலீன் கிளைக்காலையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலப்பது பற்றாசு மூட்டுகளுக்கு ஏற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். அதிக அழுத்த மூடி போட்டால் கொதிநிலை உயருமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். 7 பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே வெறும் நீர் சுமார் 111 செல்சியஸில்தான் கொதிக்கும். அதை 15 பிஎஸ்ஐ ஆக்கினால் கிடைப்பது சுமார் பத்து டிகிரி, அதற்குக் கொடுக்கும் விலை ஒவ்வொரு பழைய மூட்டின்மேலும் இரு மடங்குச் சுமை. கார் எந்த மூடியோடு வந்ததோ அதே அளவையே போட வேண்டும்.

ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, கூலண்டை மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும்வரை காத்திருந்து, பின்னர் அணைத்து முழுவதும் ஆறவிட வேண்டும். ஆறிய பிறகு இறங்கிய மட்டத்தை நிரப்பி, ஹோஸ் கிளாம்ப்புகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, புதிய மூட்டின்மேல் உலர்ந்த வெள்ளைத்தாளை ஒற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் பதிந்துவிடும்.