ஆதிமனிதர் என்ன சாப்பிட்டார்கள்? மீன் முள்ளில் தொடங்கிப் பாருங்கள்

இலங்கையின் பாகியன்கல குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கையும் அணிலையும் விரும்பி வேட்டையாடினார்கள் என்று சொல்கிறார்களே, அந்த எலும்புத் துண்டுகளை எப்படி அடையாளம் கண்டார்கள்? பெயர் தெரிந்த விலங்கின் எலும்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான். அதற்கென்றே ஆய்வுகூடங்களில் எலும்பு, ஓடு, விதைத் தொகுப்புகள் வைத்திருப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற நாம் அப்படியொன்றை வீட்டிலேயே சேர்க்கலாம்.

சந்தையில் கெளிறோ கொடுவாவோ முழுசாக வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்பே நிறுத்து எழுதிவிட வேண்டும், ஏனென்றால் முள்ளின் அளவை வைத்து மீனின் அளவைக் கணிக்கப் பின்னால் அந்த எடைதான் உதவும். தலையைத் தனியாக, வெறும் தண்ணீரில் அவியுங்கள். புளி போட்ட குழம்பில் கிடந்தது வேண்டாம், தலைக்குள் இருக்கிற செவிக்கல்லை (மீனின் உட்காதில் உள்ள சிறு கல்) புளிப்பு கரைத்துவிடும். அந்தக் கல்லை மட்டும் தவறவிடாதீர்கள்: அதை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வளையங்கள் தெரியும், மீனின் வயதும் சில வேளை பிடிபட்ட பருவமும்கூட அதிலிருந்து கிடைக்கும். கெளிற்றில் அது பெரிதாக இருப்பதால் பழகுகிறவர்களுக்கு நல்லது. சதையை நீக்கி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் காயவைத்து, பெயரும் திகதியும் எழுதிப் பெட்டியில் போடுங்கள். மட்டி, ஊரி ஓடுகளுக்கும் இதே முறைதான்.

அப்புறம் சில முள்ளை விறகடுப்பில் போடுங்கள். முதலில் கறுக்கும், சூடு ஏற ஏறச் சாம்பல் நிறமாகி வெளுக்கும். ஆனால் கருகிய எலும்பெல்லாம் சுட்டுத் தின்றது என்று முடிவுகட்டக் கூடாது, தின்ற பிறகு நெருப்பில் எறிந்ததாகவும் இருக்கலாம்.

தானியத்துக்கு வேறு வழி. நெல்லையும் குரக்கனையும் கருக்கி மண்ணோடு கலந்து, வாளித் தண்ணீரில் மெதுவாகக் கிளறுங்கள். கரி மேலே மிதக்கும், மெல்லிய துணியில் வடித்துக் காயவைத்தால் சரி. அகழ்விடங்களிலும் இப்படித்தான் மண்ணைத் தண்ணீரில் போட்டு விதை எடுக்கிறார்கள்.

வள்ளிக்கிழங்கு தின்றதற்கு முள்ளுமில்லை ஓடுமில்லை. பற்காறையிலும் (பல்லில் படிந்து இறுகிய அழுக்கு) கல்லாயுதத்திலும் ஒட்டிய, கிழங்கின் நுண்ணிய மாவுமணிகளைத்தான் தேட வேண்டும். அதோடு பல்லின் எனாமலில் உள்ள கரிமமும் என்ன மாதிரி உணவு தின்றார்கள் என்று பேசும்: 2015இல் இலங்கையின் 26 ஆதிமனிதர்களின் பற்களை ஆராய்ந்தபோது, குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பியிருந்தார்கள் என்று தெரிந்தது.

பழைய ஓட்டுக் குவியலோ கல்லாயுதமோ கண்ணில் பட்டால் தயவுசெய்து தோண்டாதீர்கள், கையிலும் எடுக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம், எந்த மண் படையில் கிடந்தது என்ற தகவல் கலைந்துவிட்டால் அந்த ஓட்டின் காலத்தைச் சொல்வது கடினமாகிவிடும். இருந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.