தெரு வாய்க்காலில் குப்பைத் தடுப்பு கட்டுவது எப்படி?

செட்டிநாட்டில் கடல் இல்லைதான். ஆனால் இங்கே பெய்கிற மழை ஊரணி, கண்மாய் என்று நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கு தாண்டி, பாம்பாறு, விருசுழி ஆறுகள் வழியாகக் கிழக்கே பாக் விரிகுடாவுக்குத்தான் போகிறது. 2022-இல் தமிழக அரசு கடற்பசுக்களுக்காக 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்ததும் அந்த விரிகுடாவில்தான். தொண்டிக்குப் போய்க் கரையில் குப்பை பொறுக்குவது நல்ல காரியம்; ஐப்பசி மழைக்கு முன்னால் நம் தெருவிலேயே மறிப்பது அதைவிட மேல்.

1. இடம்: இரண்டு மூன்றடி அகல வாய்க்கால் போதும். கருவேல முள்ளில் கவர்கள் சிக்கித் தொங்குகிற இடத்துக்கு, தண்ணீர் வரும் பக்கமாகச் சற்று முன்னால் இடம் பாருங்கள். கண்மாயின் பெரிய வரத்துக்காலில் கை வைக்க வேண்டாம். ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

2. புரட்டாசிக்குள் காய்ந்த குப்பையை அள்ளிவிடுங்கள். கெட்டியான கையுறை, மூடிய செருப்பு கட்டாயம். மது பாட்டில் சில்லு நிறையக் கிடக்கும், பாம்பும் இருக்கலாம். ஊசி, மருந்துக் கழிவு கண்டால் தொடாமல் தூய்மைப் பணியாளரிடம் காட்டுங்கள். எரிக்கவே கூடாது.

3. தடுப்பு: இரு கரையிலும் சவுக்குக் கட்டை ஊன்றி, நடுவே இரும்புக் கோழிவலை கட்டுங்கள். பழைய மீன்வலை சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிவராதீர்கள். அறுந்தால் அதுவே கடலுக்குக் குப்பை. பாம்பு, ஆமை வேறு மாட்டிக்கொள்ளும்.

வலையின் உயரம் வாய்க்காலின் ஆழத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். பெருமழையில் தண்ணீர் மேலேறிப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் தெருவுக்குள் வரும். நேர்குறுக்காகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால் குப்பை ஒரு கரையோரம் ஒதுங்கும், அள்ள எளிது. ஒரு முனையை உருவு முடிச்சாகப் போடுங்கள். அடைத்துக்கொண்டால் கரையில் நின்றே அவிழ்த்துவிடலாம்.

4. மழை விட்டதும் அன்றே அள்ளுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் தடுப்பே கட்டாதீர்கள்.

5. சிக்கியதைப் பிரித்துப் பாருங்கள்: டீ கப், சாம்பார் கட்டிய கவர், ஷாம்பு பாக்கெட், கல்யாணத் தண்ணீர் பாட்டில். கேரிபேக்கும் பிளாஸ்டிக் பூசிய கப்பும் 2019 ஜனவரி முதல் இங்கே தடை. எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் நேரே போய்ப் பேசுங்கள், சண்டை வேண்டாம். கல்யாண வீட்டுக்காரர்களிடம் தாம்பூலத்துக்குப் பனையோலையில் பின்னிய கொட்டானைச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பொருள், மறுக்க மாட்டார்கள்.

தை பிறந்ததும் வலையைக் கழற்றிக் காயவைத்து எடுத்து வையுங்கள்.