காம்பி பாய்லரின் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும்: வீட்டிலேயே கண்டறியும் வழி

பிரிட்டனில் குளிர்காலம் நெருங்கி, மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்த ஹீட்டிங்கை மறுபடி போடும் நாளில்தான், குழாய்நீரையும் ரேடியேட்டர் நீரையும் ஒரே பெட்டியில் சுடவைக்கும் காம்பி பாய்லர் எரியாதது பல வீடுகளில் தெரியவருகிறது. திரையில், பாய்லரின் நிறுவனத்தைப் பொறுத்து, வேலன்ட் என்றால் எஃப்22, ஐடியல் லாஜிக் என்றால் எஃப்1, பாக்ஸியின் சில மாடல்களில் இ119 என்று ஒரு குறியீடு நிற்கும். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் போதவில்லை.

அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் ஓடும் நீர் குழாயில் நாம் பிடிக்கும் நீரன்று. மூடிய ஒரு சுற்றுக்குள் அதே நீர் ஆண்டுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கிறது. பாய்லரில் உள்ள அழுத்தமானியின் முள் அதன் அழுத்தத்தை ‘பார்’ (bar) என்ற அலகில் காட்டும். ஆறிய நிலையில் அது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். சூடேறியபின் 2 பார் அளவுக்கு உயர்வது இயல்பு. 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றிவிடும். சுற்று மூடியது என்பதால், முள் இறங்கினால் நீரோ காற்றோ எங்கேயோ வெளியேறியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். நீரை நிரப்பி முள்ளை ஏற்றிவிடுவது பாய்லரை எரியவைக்குமே தவிர, பழுதைத் தீர்க்காது.

ஆகவே எதையும் திருகுவதற்கு முன் முள்ளை இரண்டு வேளை பாருங்கள்: காலையில் ஹீட்டிங் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, எல்லா ரேடியேட்டர்களும் நன்றாகச் சூடானபின் ஒருமுறை. இரண்டு அளவுகளையும் தேதியுடன் ஒரு தாளில் எழுதி பாய்லருக்கு அருகில் ஒட்டிவையுங்கள். பழுது எந்த வகை என்பதைப் பெரும்பாலும் இந்தத் தாளே சொல்லிவிடும்.

நீர் நிரப்புவதற்கு முதலில் பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். பாய்லருக்குக் கீழே, இரு முனையிலும் வால்வு கொண்ட, வெள்ளி நிறப் பின்னல் போர்த்திய சிறு குழாய் இருக்கும். அதைத்தான் ஃபில்லிங் லூப் என்கிறார்கள். சில பாய்லர்களில் இது வெளியே தெரியாமல், ஒரு சாவியாலோ நெம்புகோலாலோ இயங்கும். அதற்கு உங்கள் பாய்லரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, மற்றதை மெல்லத் திறந்தால் நீர் சீறும் ஓசை கேட்கும். கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல், 1.3 பார் வந்ததும் இரண்டையும் இறுக மூடுங்கள். பின்னல் குழாய் கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வைப்பதுதான் முறை. அளவு மிஞ்சிவிட்டாலும் பதற வேண்டாம். ஒரு ரேடியேட்டரின் மேல் ஓரத்தில், காற்றை வெளியேற்ற இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, சிறிது நீரைக் கிண்ணத்தில் பிடித்தால் முள் இறங்கிவிடும்.

ரேடியேட்டர் அடியில் சுட்டு, மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறியபின், காற்றுத் திருகைச் சாவியால் இடப்புறமாக அரைச் சுற்று திருப்பினால் போதும். காற்று போய் நீர் துளிர்த்ததும் மூடிவிட்டு, குறைந்த அழுத்தத்தை மேலே சொன்னபடி நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு முள் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.

சில நாட்களிலேயே மறுபடி இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். ரேடியேட்டர் வால்வுகளின் கழுத்தைச் சுற்றி மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ படிவு கட்டியிருந்தால், ஈரம் தெரியாவிட்டாலும் அங்கே நீர் கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. கீழ்த்தளக் கூரையில் கறை உண்டா, தரையில் ஓரிடம் மட்டும் காரணமின்றி வெதுவெதுப்பாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஓரிடத்திலும் ஈரம் இல்லையென்றால் பாய்லருக்குள் இருக்கும் வெப்பமாற்றியில் விரிசல் விழுந்திருக்கலாம். அந்த நீர் கழிவுநீர்க் குழாய் வழியே சத்தமில்லாமல் போய்விடுவதால் வீட்டில் ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாது.

ஆறியிருக்கும்போது 1 பார், சூடானதும் 3 பாரை நெருங்குகிறது, மறுநாள் காலை ஏறத்தாழ பூஜ்யம் என்று உங்கள் தாள் காட்டினால், பழுது பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில்தான். சூடேறும் நீர் விரிவடையும். அந்த விரிவுக்கு இடம்கொடுப்பதற்காக, ரப்பர் சவ்வால் இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் காற்று அடைத்த கலம் அது. காற்று குறைந்தாலோ சவ்வு கிழிந்தாலோ விரியும் நீருக்குப் போக்கிடமில்லாமல் அழுத்தம் எகிறி, பாதுகாப்பு வால்வு திறந்துகொள்கிறது. வீட்டின் வெளிச்சுவரில், சுவரைப் பார்த்து வளைந்த செப்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனை சொட்டுகிறதா, கீழே சுவரில் வெள்ளைத் தடம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கொதிநீர் வரக்கூடும் என்பதால் கையை நீட்ட வேண்டாம். ஒருமுறை திறந்த வால்வின் இருக்கையில் அழுக்கு மாட்டிக்கொண்டால் அது மறுபடி சரியாக மூடாது. தொழில்நுட்பர் கலத்தில் காற்றடித்தும் சொட்டு நிற்காவிட்டால் வால்வையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஹீட்டிங் போடாதபோதே முள் தானாக ஏறுவது வேறு கதை. ஃபில்லிங் லூப் வால்வு முழுதாக மூடாமல் தெருக்குழாய் நீர் உள்ளே கசிகிறது. பின்னல் குழாயைக் கழற்றினால் ஏற்றம் நின்றுவிடும். நிற்காவிட்டால், குழாய்நீரைச் சுடவைக்கும் தட்டு வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

பாய்லரின் முன்மூடியைக் கழற்றுவது நம் வேலையன்று. எரிவாயு வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு பெற்றவரை அழைத்து, அவருடைய அட்டையின் பின்புறத்தில் பாய்லர் வேலைக்குத் தகுதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. எரிவாயு வாடை அடித்தால் அழுத்தத்தை மறந்துவிட்டு, சன்னல்களைத் திறந்து, வெளியேறி, 0800 111 999 எண்ணை அழையுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால், 7 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைகளில் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் தாளைப் படமெடுத்து எழுத்து மூலமாக அவருக்கு அனுப்புங்கள். அடிக்கடி நீர் நிரப்பியிருந்தால் அதையும் தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள்: புதுநீருடன் புகும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும், துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போயிருக்கும் என்பதால் கசிவை அடைத்தபின் அதை மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும்.