எத்தனை பேர் சேர்ந்தால் ரெய்டு? ஆள் கூட்டும்போது நடக்கும் தவறுகள்

பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பசங்க நாலைந்து பேர் சேர்ந்து ஆன்லைன் கேம் ஆட ஆரம்பித்தால், முதல் ஒன்றிரண்டு மாதம் ஒரு குறையும் இருக்காது. மாரத்தஹள்ளியில் இரண்டு பேர், எலக்ட்ரானிக் சிட்டி பி.ஜி.யில் ஒருவர், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஒருவர் என்று ராத்திரி டிஸ்கார்டில் கூடுவார்கள், டன்ஜன் (சின்னக் குழு உள்ளே போய் எதிரிகளை வீழ்த்தும் இடம்) முடிப்பார்கள், தூங்கப் போவார்கள். ஒருநாள் யாராவது "மச்சி, ரெய்டு போலாமா?" என்பார். ரெய்டு என்றால் பெரும்பாலும் சின்னக் குழுவால் முடியாத பெரிய சண்டைக்குப் பல பேர் சேர்ந்து போவது. "எத்தனை பேர்டா வேணும்?" என்று கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். பத்து, இருபது, நாற்பது, எட்டு. சொன்ன எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அவரவர் முன்பு ஆடிய கேமுக்கு.

அதிகம் நடக்கும் தவறு இதுதான்: ஒரு கேமின் எண்ணை இன்னொரு கேமுக்குத் தூக்கிக்கொண்டு வருவது. "அஞ்சு பேருக்கு மேல போனா ரெய்டு" என்ற கணக்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இருந்து வந்தது. அங்கே ஒரு பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடும் சாதாரணக் குழுவுக்கு, ஐந்து பேர். ஆறாவது ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் பார்ட்டியை ரெய்டு குழுவாக மாற்றியே ஆக வேண்டும். ஐந்து ஐந்தாக எட்டு வரிசை, மொத்தம் 40 பேர் வரை சேரலாம். அந்தத் திரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆறு என்றாலே ரெய்டுதான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் அந்தக் கணக்கு செல்லாது. நாலு பேர் சேர்ந்தால் லைட் பார்ட்டி, எட்டு பேர் சேர்ந்தால் ஃபுல் பார்ட்டி. எட்டானாலும் பார்ட்டிதான். மூன்று எட்டு சேர்ந்து 24 ஆனால் அலையன்ஸ். டெஸ்டினியில் வழக்கமான குழு மூன்று பேர், ரெய்டுக்கு ஆறு. கில்டு வார்ஸ் 2-இல் பார்ட்டிக்கு ஐந்து, ரெய்டுக்குப் பத்து. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைனில் ஆறும் பன்னிரண்டும். 1999-இல் வந்த எவர்க்வெஸ்டில் குழுவுக்கு ஆறு பேர், ரெய்டில் 72 பேர் வரை சேரலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 12 பேர் போகும் இடத்துக்குப் பெயரே ட்ரையல். ஸ்டார் வார்ஸ் ஓல்டு ரிபப்ளிக்கில் 8 அல்லது 16 பேர் போவார்கள், அதை ஆபரேஷன் என்பார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் வாயில் இரண்டுமே ரெய்டுதான்.

கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். அந்தக் கேமின் சாதாரண பார்ட்டி எவ்வளவோ, ரெய்டு பெரும்பாலும் அதன் மடங்கு. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "ரெய்டுக்கு எத்தனை பேர்?" அல்ல, "இங்கே ஒரு பார்ட்டிக்கு எத்தனை பேர்?" இதற்கும் விலக்கு உண்டு. லாஸ்ட் ஆர்க்கில் கார்டியன் ரெய்டுக்கு நாலே பேர்தான், அதாவது ஒரு சாதாரண பார்ட்டி. பெயரில் ரெய்டு இருக்கிறதே என்று எட்டு பேரைக் கூட்டி வந்தால் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அடுத்த தவறு, தலையை எண்ணியே எல்லாவற்றையும் முடிவு செய்வது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ட்ரையலுக்கும் (அங்கே அது ஒரே பெரிய எதிரியோடு மோதும் சண்டை) எட்டு பேர், சாதாரண ரெய்டுக்கும் எட்டு பேர். எண் ஒன்றுதான், ஆனால் கேம் இரண்டையும் தனித்தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. வார்கிராஃப்டில் இன்னும் வேடிக்கை. பிளாக்ஃபாத்தம் டீப்ஸ் காலங்காலமாக ஐந்து பேர் போகும் டன்ஜன். 2023 நவம்பரில் வார்கிராஃப்டின் பழைய வடிவமான கிளாசிக்கில் சீசன் ஆஃப் டிஸ்கவரி வந்தபோது அதே இடத்தை மாற்றியமைத்துப் பத்து பேருக்கான ரெய்டாக விட்டார்கள். மறுபக்கம் அப்பர் பிளாக்ராக் ஸ்பையர்: பழைய நாட்களில் முதலில் 15 பேர், பிறகு 10 பேர் போனார்கள். திரையில் ரெய்டு குழு என்றுதான் இருக்கும், ஆனாலும் அதைப் பெரும்பாலும் டன்ஜன் கணக்கில்தான் பேசினார்கள்.

ரெய்டு குழு வேறு, ரெய்டு வேறு. முன்னது ஆட்களை அடுக்கும் முறை. பின்னது அத்தனை பேருக்கென்று பார்த்துக் கட்டிய சண்டை. இதைக் குழப்பிக்கொண்டால் நடைமுறையில் அடி விழும். ஆறாவது நண்பனை விட்டுவிட மனமில்லாமல் வார்கிராஃப்டில் ரெய்டு குழுவாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாருக்கும் குவெஸ்ட் (கேம் கொடுக்கும் வேலை) நகர்ந்திருக்காது, ஏனென்றால் பெரும்பாலான குவெஸ்ட்கள் ரெய்டு குழுவில் இருக்கும்போது கணக்கில் ஏறாது. ஆறு பேர் இருந்தால் மூன்று மூன்றாகப் பிரிந்து குவெஸ்ட் செய்யுங்கள். "எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்" என்ற பாசத்தை ரெய்டுக்கு எடுத்து வைக்கலாம்.

கூட்டம் பெரிதானால் சண்டையும் கடினம் என்று நினைப்பது மூன்றாவது. பெரும்பாலும் நேர் எதிர். ஃபைனல் ஃபேன்டஸியின் 24 பேர் அலையன்ஸ் ரெய்டில் முன்பின் தெரியாதவர்களோடு வரிசையில் சேர்ந்து, செத்துச் செத்து எழுந்தாவது முடித்துவிடலாம். எட்டு பேர் போகும் சாவேஜில் (அங்கே ரெய்டின் கடினமான நிலை) ஒருவர் ஒரு தப்படி வைத்தால் மொத்தக் குழுவும் விழும். வார்கிராஃப்டிலும் அப்படித்தான்: 25 பேர் முகம் தெரியாமல் கூடும் ரெய்டு ஃபைண்டர் எல்லாவற்றிலும் சுலபம், 20 பேர் போகும் மிதிக் நிலை எல்லாவற்றிலும் கஷ்டம். வார்கிராஃப்டின் பழைய மோல்டன் கோர் ரெய்டின் 40 பேர் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்பதில் சிலர் உப்புக்குச் சப்பாணியாக நின்றாலும் பாஸ் (ரெய்டின் பெரிய எதிரி) விழுந்துவிடும். எட்டு பேர் குழுவில் ஒருவர் அப்படி நின்றால் எட்டில் ஒரு பங்கு போச்சு. என் கணக்கில் நாற்பது பேரைக் கொண்டு ஆடுவதைவிட, நாற்பது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்ததுதான் அந்தக் காலத்தின் நிஜமான சாதனை.

எண் மாறாத ரெய்டையும் எண்ணுக்கு ஏற்ப வளையும் ரெய்டையும் ஒன்றாகப் பார்ப்பது அடுத்தது. இதற்கு வார்கிராஃப்டின் வரலாறே பாடம். 2004-இல் தொடங்கியபோது பெரிய ரெய்டுகள் 40 பேருக்கு. 2007-இல் பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கம் வந்ததும் கராசான் ரெய்டு 10 பேருக்கு, மற்ற பெரியவை 25 பேருக்கு என்று மாறியது. நாற்பது பேரை வைத்திருந்த கில்டுகள் (நிலையான ஆட்டக் குழுக்கள்) யாரை விடுவது என்று தவித்தன. 25 பேரைத் தேற்றினாலும் கராசானுக்கு இரண்டு பத்து போக ஐந்து பேர் மிஞ்சுவார்கள். அந்த ஐந்து பேரின் மனத்தாங்கலில் உடைந்த நட்புகள் உண்டு. 2008-இல் ஒரே ரெய்டை 10 பேராகவும் போகலாம், 25 பேராகவும் போகலாம் என்றார்கள். 2013-இல் வளையும் முறை வந்தது. 2014-இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரெய்னார் என்ற விரிவாக்கம் அதை நிலைநிறுத்தியது: நார்மல், ஹீரோயிக் என்ற எளிய நிலைகளில் 10 முதல் 30 வரை எத்தனை பேர் வந்தாலும் பாஸின் பலம் அதற்கேற்ப ஏறி இறங்கும்; மிதிக்கில் மட்டும் 20 என்றால் 20.

13 பேர் இருக்கிறோம், 20 ஆகும்வரை காத்திருப்போம் என்று நார்மல் ரெய்டையே வாரக்கணக்கில் தள்ளிப்போடும் குழுக்கள் இதனால்தான் வீணாகின்றன. பதின்மூன்று பேரே போதும், இன்றே போகலாம். ஆனால் பத்துக்குக் கீழே இறங்காதீர்கள். ஏழு பேராகப் போனாலும் பாஸ் பத்து பேருக்கான பலத்தோடுதான் நிற்கும். மிதிக்கில் 19 பேரோடு நுழைவதும் அதே மாதிரி. பாஸ் உங்களுக்காக ஒரு துளியும் இறங்கி வராது.

தலைகள் சரியாக இருந்து பொறுப்புகள் சரியாக இல்லாமல் போவதும் உண்டு. எட்டு பேர் வந்துவிட்டார்கள், ஆனால் ஆறு பேர் அடிப்பதற்கு மட்டும்தான் என்றால் ஃபைனல் ஃபேன்டஸியில் அது குழுவே இல்லை. அடி வாங்கித் தாங்க இரண்டு டேங்க், காயம் ஆற்ற இரண்டு ஹீலர், நாலு பேர் அடிக்க என்பதுதான் வழக்கம். வார்கிராஃப்டின் இருபதில் இரண்டு டேங்க், நாலைந்து ஹீலர், மிச்சம் அடிப்பவர்கள். முதலில் ஹீலரைப் பிடியுங்கள், வாளெடுத்தவர்கள் தானாக வருவார்கள்.

பெங்களூருத் தமிழ்க் குழுக்களுக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. எட்டு பேர் ரெய்டுக்குச் சரியாக எட்டு பேரை வைத்திருப்பார்கள். வெளியூரில் இருந்து வந்தவர்கள் என்பதால் தீபாவளி, பொங்கல், நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்தை ஒட்டி நீளும் வார இறுதி என்றால் எட்டில் ஆறு பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே சில்க் போர்டில் ஓசூர் பஸ்ஸுக்கு நிற்பார்கள். வேறு ஊர்க் குழுவில் ஒருவர் இல்லாமல் போவார். இங்கே குழுவே இல்லாமல் போகும். மாற்று ஆள் என்று இரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அவர்களும் மதுரை பஸ்ஸில் இருந்தால் என்ன பயன்? அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நிலையாக வசிக்கும் ஓரிருவர், இல்லை ஒரு கன்னட, மலையாள நண்பர் மாற்று வரிசையில் இருக்கட்டும். இருபது பேர் மிதிக்குக்கு 23, 24 பேர் கையில் இருப்பது நல்லது.

அந்த மாற்று ஆள் அந்த வாரம் வேறு குழுவோடு அதே ரெய்டை முடித்துவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய சாவேஜ் வந்த மாதங்களில், அந்த வாரம் ஏற்கெனவே முடித்தவர் குழுவில் இருந்தால் கிடைக்கும் பரிசுப் பெட்டிகள் குறையும். ஃபைனல் ஃபேன்டஸியின் புது வாரம் நம் நேரப்படி செவ்வாய் மதியம் 1:30-க்குத் தொடங்குகிறது.

ரெய்டு என்ற பெயரை வைத்துக்கொண்டு கூட்டமே கேட்காத கேம்களும் இருக்கின்றன. எஸ்கேப் ஃப்ரம் டார்கோவில் ஒவ்வொரு ஆட்டமும் ரெய்டுதான், தனியாகவும் போகலாம். ரஸ்டில் பக்கத்து ஆளின் கோட்டையை ஒருவரே வெடி வைத்து உடைத்தாலும் ரெய்டு. போகேமான் கோ கேமில் ஒரு லாபியில் (ரெய்டுக்கு முன் காத்திருக்கும் இடம்) 20 பேர் வரை சேரலாம், எளிய ரெய்டுகளுக்கு ஒருவரே போதும். கப்பன் பார்க்கில் கூட்டம் சேரட்டும் என்று நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக நேரம். வெளிநாட்டுக் குழுவில் சேர்ந்து எண்ணை நிரப்புகிறவர்கள் "ராத்திரி எட்டு மணி" என்பதை நம் எட்டு மணி என்று எடுத்துக்கொள்வார்கள். மத்திய ஐரோப்பாவில் எட்டு என்றால் கோடையில் நமக்கு 11:30, குளிர்காலத்தில் 12:30. அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஜப்பானில் ராத்திரி ஒன்பது என்றால் இங்கே மாலை 5:30, அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி நகராத நேரம். குழுவில் சேர்வதற்கு முன் ரெய்டு நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.