பால்கனிக் கதவின் கைப்பிடி, பூட்டு: கடைசி நேரத்தில் நடக்கும் தவறுகள்

திருவான்மியூரில் ஒரு முதல் மாடி வீடு. மதியம் பன்னிரண்டரை மணிக்குத் துணி காயப்போட ஓர் அம்மா பால்கனிக்குப் போயிருக்கிறார். உள்ளே இருந்த இரண்டு வயதுப் பையன் ஸ்லைடிங் கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் டச் லாக்கைத் தட்டிவிட்டான். வாசல் கதவிலும் உள்தாழ்ப்பாள். போன் சோபாவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறான், இந்தப் பக்கம் இவர் தவிக்கிறார். அதே குடியிருப்பில் வேறொரு வீட்டில் ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்த என்னை வாட்ச்மேன் ஓடிவந்து கூப்பிட்டார். ஏணி போட்டு ஏறி, நகரும் கண்ணாடிக் கதவுப் பலகையை, அதாவது ஷட்டரை, இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கி, அடிப்பக்கத்தை என் பக்கம் இழுத்தேன். கதவு கையோடு வந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துச் சமாதானப்படுத்திவிட்டு அவர் கேட்டார்: "அண்ணா, பூட்டின கதவை இவ்வளவு சுலபமா கழட்டிட முடியுமா?"

முடியும். ஸ்லைடிங் ஷட்டரை மேல் சட்டத்துக்குள் தூக்கிச் செருகி, கீழே ட்ராக்கில் இறக்கித்தான் மாட்டுகிறோம். அதனால் மேலே கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். மாட்டி முடித்ததும் அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கட்டையை வைத்து ஸ்க்ரூ போட்டுவிட வேண்டும். ஆன்ட்டி லிஃப்ட் பிளாக் என்பார்கள். அது இல்லாத கதவில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டும் வீண். ஷட்டரைத் தூக்கினால் பூட்டின் நாக்கு பிடியை விட்டு நழுவிவிடும். பூட்டைத் தனியாகப் பார்த்து வாங்கி, கதவு சட்டத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நாக்கு நேராக நீளும் வகையைவிட, கொக்கிபோல வளைந்து பிடிக்கும் வகையைக் கேளுங்கள்.

வாசல் கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து பூட்டுப் போடுகிறவர்கள், பால்கனிக் கதவுக்கு "எது வருதோ அதைப் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தரைத்தளத்து சிட்-அவுட்டுக்கு வெளியிலிருந்து நேராக நடந்து வந்துவிடலாம். கடைசி மாடி பால்கனிக்கு மொட்டை மாடியிலிருந்து இறங்கலாம். இந்த இரண்டு தளத்திலும் பால்கனிக் கதவு இன்னொரு வாசல் கதவுதான். அதற்கு ஒற்றை டச் லாக் போதவே போதாது.

கதவு ஏழடிக்கு மேல் உயரம் என்றால், பாதுகாப்பைத் தாண்டி இன்னொரு காரணமும் சேர்கிறது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பிடித்திருக்கும் உயரமான ஷட்டர், பலத்த காற்றில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வளைந்து கொடுக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சென்னையைக் கடந்தபோது, கடலைப் பார்த்த வீடுகளில் கதவு விடாமல் ஆடியதையும், இடுக்கு வழியாகத் தண்ணீர் ஹாலுக்குள் வந்ததையும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் பிடிக்கும் மல்டி பாயிண்ட் லாக்கை அப்படிப்பட்ட கதவுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலிலேயே என்று அழுத்திச் சொல்கிறேன். பூட்டின் உடல் உட்காரும் பள்ளம் ஷட்டர் செய்யும்போதே வெட்டப்படுவது. கதவு மாட்டிய பிறகு "பெரிய லாக் போட்டுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் ஷட்டரையே மாற்ற வேண்டி வரும்.

கைப்பிடிக்கு வருவோம். கடையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆங்கில D வடிவ நீளமான ஹேண்டிலைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டு பக்கத்துக்கும் கேட்பார்கள். ஸ்லைடிங் கதவில் ஒரு ஷட்டர் இன்னொன்றை உரசாமல் தாண்டிப் போக வேண்டும். நடுவில் இருப்பது விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில் அடுத்த ஷட்டரின் சட்டத்தில் இடிக்கும். இடிக்காமல் இருக்க, கதவு செய்யும் ஃபேப்ரிகேட்டர் வழியிலேயே தடுத்து நிறுத்தும் ஒரு ஸ்டாப்பர் வைப்பார். மூன்று நான்கு அங்குல வழி காலம் முழுக்கப் போய்விடும். கொசுவலை ஷட்டர் சேர்த்த மூன்று ட்ராக் கதவிலும் இதே கதைதான். அறைப் பக்கம் எது பிடிக்கிறதோ அதைப் போடுங்கள். ஷட்டர்கள் உரசும் பக்கத்துக்குச் சட்டத்தோடு சட்டமாகப் படியும் குழி ஹேண்டில் மட்டுமே சரி. அந்தக் குழியில் உங்கள் நான்கு விரலும் பிடிகொள்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் கையையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட பெரிய ஷட்டர் கனமானது. விரல் நுனியால் மட்டும் இழுத்தால் மூட்டு வலிக்கும்.

கடலோர ஊர்களில் வேறொரு ஏமாற்றம் உண்டு. "காந்தம் ஒட்டலை, பாருங்க, நல்ல எஸ்.எஸ்." என்று கடையில் காட்டுவார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. உப்புக் காற்றில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விடுவதும் அதுதான். 304 அதைவிடத் தேவலை. கடலுக்கு மிக அருகில் என்றால் மாலிப்டினம் கலந்த 316 கேட்டு, பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். ஹேண்டில் நல்லதாக இருந்து ஸ்க்ரூ இரும்பாக இருந்தாலும் பயனில்லை. அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் இரண்டும் அரிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளை மாவுபோலப் பூத்திருந்தால், அடியில் பிடிமானம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. வீடு கட்டி முடிந்ததும் டைல்ஸுக்கு ஆசிட் வாஷ் செய்வார்கள். அந்தப் புகை மூடிய அறையில் தேங்கி, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட் வாஷ் முடிந்து, தண்ணீர் விட்டு நன்றாக அலசி, காற்றோட்டம் விட்ட பிறகு ஹேண்டிலை மாட்டச் சொல்லுங்கள். முன்பே மாட்டியாகிவிட்டதென்றால் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

பூட்டுக்குள் சாவி நுழையும் பாகமான சிலிண்டர் வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். ஸ்க்ரூ போகும் துளை நடுவில் இருப்பதால் சிலிண்டர் அங்கேதான் மெலிந்திருக்கும். இரண்டு பக்கமும் சாவி வைத்த சிலிண்டரைப் பாதுகாப்பு என்று நினைத்துக் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சமையலறையில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் சாவியை எங்கே தேடுவது? உள்பக்கம் கையால் திருகும் குமிழும் வெளிப்பக்கம் சாவியும் இருப்பதே நல்லது. கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திருகிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து கண்ணாடியில் இருக்கிறது. கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடி அடிபட்டால் மொத்தமாகத் தூளாகி வழிவிடும். நடுவில் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் விழாமல் நிற்கும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தூசியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். கிராஃபைட் தூள் போதும்.

கொட்டேஷனை சதுர அடி விலையில் மட்டும் ஒப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. "ஹார்டுவேர் சேர்த்து" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். எந்த ரக ஹேண்டில், எத்தனை பாயிண்ட் பூட்டு, என்ன ஸ்க்ரூ, ஆன்ட்டி லிஃப்ட் உண்டா என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

அந்தத் திருவான்மியூர் வீட்டில் மறுநாளே மேல் இடைவெளியில் பிளாக் வைத்தேன். டச் லாக்கை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய கொக்கிப் பூட்டை மாட்டினேன். பையன் கைக்கு எட்டாத ஐந்தடி உயரத்தில், உள்பக்கம் தனியாக ஒரு தாழ்ப்பாள். வெளிச்சாவி ஒன்று இப்போது கீழ் வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது.