மூன்று ‘ரெட்’களும் ஒரு பிரையன் காக்ஸும்

“‘ரெட்’ பாருங்கள், பிரையன் காக்ஸ் நடித்தது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம்” என்று நண்பர் சொன்னார். நம்பி உட்கார்ந்தேன். சற்று நேரத்திலேயே, மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரின் நாயை விடலைப் பையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த நாயின் பெயர்தான் ரெட். முதியவராக நடித்தவர் பிரையன் காக்ஸ். படம் முடியும்வரை சிரிக்க ஒரு இடம்கூட வரவில்லை.

அது 2008இல் வந்த த்ரில்லர். நண்பர் சொன்னது 2010இல் வந்த ஆக்‌ஷன் காமெடியை. அதில் புரூஸ் வில்லிஸ், மார்கன் ஃப்ரீமேன், ஹெலன் மிர்ரன் எல்லோரும் ஓய்வுபெற்ற பிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்காதவர்கள். ரஷ்ய உளவாளியாக பிரையன் காக்ஸ் அதிலும் இருக்கிறார். நண்பர் மேல் தப்பே இல்லை. தலைப்போடு ஒரு நடிகர் பெயரும் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தது என் தவறு. நடிகர்கள் வருடத்துக்கு நாலு படம் நடிப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டுவார்கள். இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். 2010 படம் ராபர்ட் ஷ்வென்ட்கே இயக்கியது என்று தெரிந்திருந்தால் அந்த நாய் சாவதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

மூன்றாவது ‘ரெட்’, கிங் கிரிம்சன் 1974இல் வெளியிட்ட ராக் ஆல்பம். பெயர்தான் சிவப்பு; அட்டையில் இருப்பது மூன்று முகங்களின் கறுப்பு வெள்ளைப் படம். இங்கே நடக்கும் தவறு, படமும் ஆல்பமும் ஒரே பெயரில் இருந்தால் ஆல்பத்தை அந்தப் படத்தின் பாடல் தொகுப்பு என்று எடுத்துக்கொள்வது. படங்கள் வருவதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் முன்பே வந்த ஆல்பம் இது. வருடத்தை ஒருமுறை பார்த்தாலே தெளிந்துவிடும்.

ஆனால் வருடமும் சில சமயம் ஏமாற்றும். பால் ஹாகிஸின் ‘க்ராஷ்’ 2004இல் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, 2005இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது, 2006இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. மூன்று வருடங்களில் எதை எழுதினாலும் ஓரளவு சரிதான். அதனால் ஒரு வருடம் முன்னே பின்னே இருப்பதை வைத்து ‘இது வேறு படம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கு மேல் தள்ளி இருந்தால் கவனம் வேண்டும். 1996இல் டேவிட் க்ரோனன்பெர்க் எடுத்த ‘க்ராஷ்’, கார் விபத்துகளால் காமம் தூண்டப்படுகிறவர்களைப் பற்றியது. ஆஸ்கர் படம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழில் எழுதும்போது நாமாகவே சேர்த்துக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. ஆங்கிலத் தலைப்பின் முன்னால் வரும் ‘தி’யை சாதாரணமாக விட்டுவிடுகிறோம். விட்டால், மைக்கேல் மேன் 1995இல் எடுத்த கொள்ளைக்கார த்ரில்லர் ‘ஹீட்’டும், சாண்ட்ரா புல்லக்கும் மெலிஸா மெக்கார்த்தியும் போலீஸாக வரும் 2013 ஆக்‌ஷன் காமெடி ‘தி ஹீட்’டும் ஒன்றாகிவிடும். இதைவிட மோசம் ‘பிக்’. ஒரே இரவில் பெரியவனாகிவிடும் சிறுவனாக டாம் ஹாங்க்ஸ் நடித்த 1988 காமெடியும் ‘பிக்’தான், தொலைந்துபோன பன்றியைத் தேடி நிகோலஸ் கேஜ் அலையும் 2021 படமும் ‘பிக்’தான். முதலெழுத்து ஆங்கிலத்தில் வேறு; நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பி’. இங்கே வருடம் போடாமல் எழுதுவது வாசகரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது மாதிரி.

அப்புறம், ஒரே பெயர் என்றால் ஒரே கதை என்று நினைப்பது. இதற்கு ஹிட்ச்காக்கே சாட்சி. ஜோசஃப் கான்ராட்டின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலை அவர் 1936இல் படமாக்கினார். ஆனால் அதே 1936இல் வந்த அவருடைய ‘சீக்ரெட் ஏஜென்ட்’ அந்தப் படம் இல்லை. அது சாமர்செட் மாமின் கதைகளிலிருந்து எடுத்தது. கான்ராட் நாவல் படமானது ‘சபோடாஜ்’ என்ற பெயரில். அந்தப் பெயரிலும் 1975இல் பிளாக் சபாத் ஒரு ஆல்பம் போட்டது, 2014இல் ஷ்வார்ஸ்நெக்கர் ஒரு த்ரில்லர் நடித்தார். மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ராக் ஆல்பங்களில் கலைஞர் பெயரும் கைகொடுக்காத இடம் இருக்கிறது. பீட்டர் கேப்ரியல் 1977க்கும் 1982க்கும் இடையில் போட்ட நான்கு தனி ஆல்பங்களுக்கும் தன் பெயரையே வைத்தார். வீசர் இசைக்குழு தன் பெயரிலேயே ஆறு ஆல்பம் போட்டிருக்கிறது. ரசிகர்கள் அட்டையின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, சிவப்பு என்று பிரித்துச் சொல்கிறார்கள். அந்தச் சிவப்பு ஆல்பம் வந்தது 2008இல், காக்ஸின் நாய் செத்த அதே வருடத்தில். ஆகவே ‘ரெட், 2008’ என்று மட்டும் யாராவது குறித்துக் கொடுத்தால், படமா பாட்டா என்று கேட்டுவிடுங்கள்.