கெர்னலில் சிஸ்டம் கால் தடமறிய ஒரே வாசல் போதும்

ரோஸ் ஹில்லில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வகுப்பில், ஒரு நிரல் எந்தெந்த சிஸ்டம் கால்களை (கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்புகளை) அழைக்கிறது என்று காட்டச் சொன்னால், மாணவர்கள் ரீட், ரைட், ஓப்பன் என ஒவ்வொரு செயற்கூற்றுக்குள்ளும் போய் அச்சிடும் வரியைச் சேர்க்கத் தொடங்குவார்கள். தைப்பூசத்தன்று எத்தனை காவடி வந்தது என்று எண்ணுபவர் தெருத்தெருவாக அலைவதில்லை. கோயில் வாசலில் நின்றுகொள்கிறார். கெர்னலிலும் அப்படியொரு வாசல் உண்டு.

எம்ஐடி பல்கலைக்கழகம் கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 கெர்னலின் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான பதிப்பை எடுத்துக்கொள்வோம். பயனர் நிரல் எதைக் கேட்டாலும் அழைப்பின் எண் ஏ7 ரெஜிஸ்டரில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தில்) வருகிறது. சிஸ்கால் என்ற செயற்கூறு அந்த எண்ணைக் கொண்டு அட்டவணையிலிருந்து உரிய செயற்கூற்றை அழைத்து, அது தரும் மதிப்பை ஏ0-வில் வைக்கிறது. அச்சிடும் வரி அதற்கு அடுத்தே அமைய வேண்டும்.

முதலில் ப்ராசஸ் ஸ்ட்ரக்டில் (ஓடும் ஒவ்வொரு நிரலின், அதாவது ப்ராசஸின், விவரங்களைக் கெர்னல் வைக்கும் கட்டமைப்பில்) மாஸ்க் என்ற முழு எண் ஒன்றைச் சேருங்கள். அதன் ஒவ்வொரு பிட்டும் ஒரு அழைப்பைக் குறிக்கும்; அந்த பிட் 1 ஆக இருந்தால் மட்டும் அச்சிடுங்கள். ரீட்டின் எண் 5 என்பதால், அதை மட்டும் பார்க்க மாஸ்க் 32 (2-இன் 5-ஆம் அடுக்கு) ஆக வேண்டும். மாஸ்கை அமைக்க ட்ரேஸ் என்ற புதிய அழைப்பு தேவை. ஏற்கெனவே 21 இருப்பதால் இதற்கு 22 என்ற எண்ணைக் கொடுக்கலாம். எண்ணுக்குப் பதில் பெயர் தெரிய ஒரு பெயர்ப் பட்டியலும் வேண்டும். பிள்ளை ப்ராசஸை உருவாக்கும் ஃபோர்க் செயற்கூற்றில் பெற்றோரின் மாஸ்கைப் பிள்ளைக்கு நகலெடுக்க மறந்தால், பிள்ளை ப்ராசஸ்களின் அழைப்புகள் எதுவும் தெரியாது. வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக் அதே ப்ராசஸையே பயன்படுத்துவதால் அங்கே மாற்றம் வேண்டாம். மாஸ்க் 32 வைத்து ரீட்மீ கோப்பின் மீது சொல் தேடும் கிரெப் நிரலை ஓட்டுங்கள்: முதல் ரீட் 1023 (படித்த பைட்டுகள்) என்றும், கோப்பு முடிந்த கடைசி ரீட் 0 என்றும் வர வேண்டும்.

உண்மையான சிக்கல்கள் இதன் பிறகுதான் தொடங்குகின்றன. முதல் ஆர்க்யுமென்ட் (அழைப்புடன் தரும் மதிப்பு) வருவதும் விடை போவதும் ஒரே ஏ0-வில் என்பதால், அதை முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்து வைக்காவிட்டால் அது அழிந்துபோகும். ஒரு மாணவி ப்ராசஸை முடிக்கும் எக்ஸிட் அழைப்பின் வரியைத் தேடி நெடுநேரம் தவித்தார். எக்ஸிட் திரும்பி வருவதே இல்லை, ஆகவே விடைக்குப் பின் அச்சிடும் வரியை அது ஒருபோதும் எட்டாது. அதை மட்டும் அழைக்கும் முன்பே அச்சிடுங்கள்.

ரைட்டைத் தடமறிந்தபடி, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் நிரலை ஓட்டினால் திரை குழம்பிவிடும். பயனர் பக்கத்து பிரின்ட்எஃப் எழுத்துக்கு ஒருமுறை ரைட்டை அழைப்பதால், ஒவ்வொரு எழுத்தை அடுத்தும் ஒரு தடவரி விழும். இது பிழையன்று, நிரல் எவ்வளவு வீணாக கெர்னலைத் தட்டுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பாடத்தை நான் கண்டதில்லை. கெர்னலின் பிரின்ட்எஃப் ரைட் வழியே போவதில்லை என்பதால் முடிவில்லாச் சுழற்சிக்கு அஞ்ச வேண்டாம்.

லினக்ஸில் இதே வாசலை கெர்னலுக்குள்ளேயே உள்ள தடமறி வசதியான எஃப்ட்ரேஸின் ரா சிஸ்கால்ஸ் என்ற நிகழ்வுத் தொகுதி தருகிறது: நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று. தடமறியும் மற்றொரு கருவியான எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு அழைப்பிலும் ப்ராசஸை இருமுறை நிறுத்துவதால் வேகம் வெகுவாகக் குறையும். எஃப்ட்ரேஸ் நிறுத்தாமல் நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். அதை இயக்கும் முன், நீங்கள் பார்க்க விரும்பும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து வடிகட்டுங்கள். இல்லையேல் கணினி முழுவதன் அழைப்புகளும் வந்து குவியும்.